மைக்கை நீட்டும் முன்

(விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு உபகரணங்கள் வழங்கும் நிகழ்ச்சியில், நமது அறக்கட்டளையின் சார்பில் மேற்கு மாம்பலத்தில் நிகழ்த்திய உரை)



மதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் புது ஷூவை இப்போதே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை சொல்வதுதான் வழக்கம். உழைத்தால் உயரலாம், முயன்றால் முடியும் என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர்கள் தினமும் சொல்கிறார்கள். அதனால் இன்று நாம் வேறொன்றைப் பேசப்போகிறோம். ஆட்டம் முடிந்தபின் வீரர் முன்னால் மைக் வருகிறதே, அதைப் பற்றி. இதில் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் சேதி அதிகம்.

தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை, ராமகிருஷ்ணபுரம் முதல் தெருவிலேயே இருக்கிறது. கிரிக்கெட் வீரர் அஸ்வின் வீடு நம்மில் பலருக்கு வழி சொல்லும் அடையாளம். டென்னிஸ் பந்தில் தெருவில் விளையாடி வளர்ந்த பிள்ளை அவர். 106 டெஸ்ட், 537 விக்கெட். 2024 டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் டெஸ்ட் டிராவில் முடிந்த கையோடு, கேப்டன் ரோகித் சர்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்றார். நன்றி சொன்னார். கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போவதில்லை, மனம் நெகிழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அஸ்வின் பேசத் தெரியாதவரா? சொந்தமாக யூடியூப் நடத்துகிறவர். ஒரு பந்தை எப்படிப் போட்டேன் என்று அரை மணி நேரம் விளக்குவார், நாமும் வாயைப் பிளந்து கேட்போம். அப்படிப்பட்டவருக்கே அன்று வார்த்தை வரவில்லை. அங்கிருந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். யாரும் அவரைத் துரத்தவில்லை.

மறுநாள் அவர் ஊர் திரும்பினார். மேளம், மாலை, கேமரா என்று தெரு அடைத்துவிட்டது. மகன் சொல்லாததை அப்பாவிடம் கேட்டார்கள். மகனின் முடிவு தமக்கே அதிர்ச்சி என்றும், அவமதிப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் அவர் ஒரு தொலைக்காட்சியிடம் சொல்லிவிட்டார். எந்த அப்பாவும் தன் வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடிய பேச்சுதான். அன்று மாலைக்குள் அது நாடு முழுக்கச் சண்டையாகிவிட்டது. அஸ்வினே தலையிட்டு, என் அப்பாவுக்கு ஊடகத்தோடு பேசிப் பழக்கமில்லை, அவரை மன்னித்து விட்டுவிடுங்கள் என்று எழுத வேண்டியதாயிற்று. நடுவில் நம்ம பேட்டை மொழியில் ஒரு வரியும் போட்டிருந்தார்: “டேய் ஃபாதர், என்னடா இதெல்லாம்.” அதைப் படித்துச் சிரித்தோம். ஆனால் அது ஒரு மகன் தன் அப்பாவுக்குக் குடை பிடித்த வரி.

ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன ஒப்பந்தம் இருக்கிறது?

ஒப்பந்தத்தைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். தொழில்முறை விளையாட்டுக்குப் பணம் வருவது ஒளிபரப்பிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும். மக்கள் பார்ப்பதால்தான் இரண்டும் வருகின்றன. மக்கள் சார்பில் கேள்வி கேட்க நிருபர் வருகிறார். தோற்றாலும் ஜெயித்தாலும் வந்து உட்கார்ந்து நாலு கேள்விக்குப் பதில் சொல்வது வேலையின் ஒரு பகுதி. நம் நாட்டுக் கிரிக்கெட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது, போய்ப் பேசு என்றால் பேசியாக வேண்டும். இரண்டும் அவர் கையில் இல்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டது போட்டதுதான். ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆகவே பேட்டி கொடுப்பது தொல்லை, வேண்டுமானால் கொடுப்பேன், வேண்டாவிட்டால் விடுவேன் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர முடியாது.

அப்படியானால் மனம் உடைந்திருக்கும் நாளில் என்ன செய்வது? இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்தவர் ஜப்பானின் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. 2021 மே மாதக் கடைசியில் பாரிஸில் பிரெஞ்சு ஓபன். அப்போது அவர் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். இந்தப் போட்டியில் நிருபர்களைச் சந்திக்கப்போவதில்லை, என் மனநலத்துக்காக இந்த முடிவு என்று முன்கூட்டியே அறிவித்தார். முதல் சுற்றில் ஜெயித்தார், பேட்டிக்குப் போகவில்லை. 15,000 டாலர் அபராதம். இப்படியே தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்க நேரிடும் என்று நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளையும் நடத்துபவர்கள் சேர்ந்து எச்சரித்தார்கள். மறுநாள் அவரே விலகிக்கொண்டார். 2018 முதல் நீண்ட மனச்சோர்வோடு போராடுகிறேன் என்பதை அப்போதுதான் சொன்னார்.

அந்த விதியை நாம் கவனிக்க வேண்டும். காயம்பட்டு, உடலால் வர இயலாதவர் தவிர மற்றவர்கள் ஆட்டத்துக்குப் பின் நிருபர்களைச் சந்தித்தே ஆக வேண்டும் என்பதுதான் அது. கணுக்கால் பிசகினால் விலக்கு உண்டு. மனம் பிசகினால் அபராதம். விதி எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, எக்ஸ்-ரே எடுத்துக் காட்டலாம். மற்றது தெரிவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒசாகா விலகியதும் பிரெஞ்சு டென்னிஸ் சங்கத் தலைவர் நிருபர்கள் முன் வந்து ஓர் அறிக்கையை வாசித்தார். வாசித்துவிட்டு, கேள்வி எதையும் ஏற்காமல் போய்விட்டார்.

நம் மார்க்கத்தில் கடமைக்கும் நோய்க்கும் என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியும். ரமளான் நோன்பு எவ்வளவு பெரிய கடமை! அதிலேயே நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை இருக்கிறது. விட்டதை வேறு நாட்களில் வைக்கலாம். கடமை அழிந்துவிடவில்லை, நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஷரீஅத் காக்க வந்த ஐந்து விஷயங்களை ஆலிம்கள் எண்ணும்போது, உயிரோடு சேர்த்து அக்லையும், அதாவது அறிவையும் தனியாக எண்ணுகிறார்கள். தலைக்குள் இருப்பதும் காக்கப்பட வேண்டியதே.

மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஊர் முழுக்கக் கேள்வியோடு நிற்கிறது, அதுவும் எப்பேர்ப்பட்ட கேள்வி! அன்றைக்கு எந்த மனிதரோடும் பேசுவதில்லை என்ற மௌன நோன்பை அல்லாஹ் அவர்களுக்குக் கட்டளையிட்டான். கேட்டவர்களுக்கு அவர்கள் குழந்தையைச் சுட்டிக்காட்டியதோடு சரி. உண்மை அவர்கள் பக்கம், பதிலும் இருந்தது. ஆனாலும் பிரசவத்தின் களைப்போடும் துக்கத்தோடும் நிற்கும் ஒரு பெண்ணின் வாயால் அந்தப் பதில் வர வேண்டும் என்று அல்லாஹ் வைக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். யாராவது அழுது முடிக்குமுன் “என்ன ஆச்சு, சொல்லு” என்று உலுக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

அதற்காகப் பத்திரிகையாளர் சந்திப்பே கூடாதென்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் நன்மையையும் நாம் கண்டிருக்கிறோம். 2021 அக்டோபர் 24, துபாய். டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. பதினொரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டம். ஆனால் முகமது ஷமியின் பக்கத்தில் மட்டும் போய் அவருடைய பெயரையும் மார்க்கத்தையும் சொல்லித் திட்டினார்கள். ஷமி பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? அக்டோபர் 30 அன்று அடுத்த ஆட்டத்துக்கு முந்தைய வழக்கமான பத்திரிகையாளர் சந்திப்பில் கேப்டன் விராட் கோலி வந்தார். இதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிகக் கேவலமான செயல் என்று கோலி பச்சையாகச் சொன்னார். அதற்காக அவர் குடும்பத்துக்கே மிரட்டல் வந்தது. நிருபர் கேட்காமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்குமா? அடிபட்டவரை விட்டுவிட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

அதே ஷமி அதற்கு முந்தைய ஆண்டு, 2020 ஊரடங்கு நாட்களில், ரோகித் சர்மாவோடு இன்ஸ்டாகிராமில் பேசும்போது ஒன்றைத் தாமாகவே சொன்னார். காயம், குடும்பப் பிரச்சினை எல்லாம் சேர்ந்த காலத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் மூன்று முறை வந்ததாம். உற்றாரும் நண்பர்களும் இரவும் பகலும் தனியாக விடாமல் கூடவே இருந்தார்களாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். அவரைக் காப்பாற்றியது கேள்வி கேட்டவர்களில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அடுத்து, அவர் பேசினார்தான். ஆனால் புண் ஆறிய பிறகு, தாமே தேர்ந்தெடுத்த நாளில், நம்பிக்கையான ஒரு நண்பரிடம் பேசினார். அஸ்வினும் அப்படித்தான். 2018-க்கும் 2020-க்கும் இடையில் காயங்களாலும், தம்மை யாரும் தாங்கிப்பிடிக்கவில்லை என்ற எண்ணத்தாலும் ஆட்டத்தையே விட்டுவிட நினைத்ததை 2021 டிசம்பரில்தான் சொன்னார். ஒசாகாவும் விலகிய ஒன்றரை மாதத்துக்குள் ஒரு பத்திரிகையில் தாமே எழுதினார். நோயாளியின் நோன்பு மாதிரிதான், வேறு நாட்களில்.

கேட்பதிலும் எதைக் கேட்பது என்று ஓர் ஒழுங்கு வேண்டும். 2016-இல் சானியா மிர்சா இரட்டையர் டென்னிஸில் உலகத்தின் முதலிடத்தில் இருக்கிறார். பெயர்பெற்ற ஒரு தொலைக்காட்சிக்காரர், எப்போது வாழ்க்கையில் ‘செட்டில்’ ஆகப்போகிறீர்கள், தாய்மை பற்றி என்ன என்று கேட்டார். உலகத்தில் முதலிடத்தில் இருப்பது செட்டில் ஆனதாக உங்களுக்குத் தெரியவில்லையா என்கிற பாணியில் சானியா திருப்பிக் கேட்டார். அவர் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதரை நாம் பாராட்டத்தான் வேண்டும். அதே கேள்வியைக் கல்யாண வீடுகளில் நம் பெண்பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்ட ஒரு பெரியம்மாவையாவது யாராவது பார்த்ததுண்டா? (சிரிப்பு)

சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பிறகு பாலினப் பரிசோதனை ஒன்றில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடல் பற்றிய மருத்துவ விஷயம், மருத்துவருக்கும் அவருக்கும் மட்டும் தெரிய வேண்டியது, உலகத்துக்கே செய்தியானது. அடுத்த ஆண்டு அவர் உயிரையே விட முயன்றார் என்ற செய்தியும் வந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். பின்னாளில் அவர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகி எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்தார். ஆனால் அவர் பதக்கம் இன்னும் அவர் கையில் இல்லை. பிறர் மறைவுகளைத் துருவுவதை, தஜஸ்ஸுஸ் செய்வதை, ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. நாட்டின் சட்டத்திலும் இப்போது ஓரளவு காவல் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவருடைய சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது.

பேட்டி கொடுக்கவில்லை என்பதற்காக விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹாவை மிரட்டும் தொனியில் செய்தி அனுப்பிய ஒரு பத்திரிகையாளருக்கு 2022-இல் கிரிக்கெட் வாரியம் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. ஆக, கேட்பவருக்கும் வேலி உண்டு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தியாவுக்கு ஆடப்போகிறார்கள்? ஆடட்டும், துஆச் செய்வோம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள்தானே. ஆனால் கேமரா வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மண்டல அளவுப் போட்டியில் தோற்று வரும் பிள்ளைக்கு வீட்டு வாசலிலேயே பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கிறது. “எத்தனை ரன் அடிச்சே?” மாடி வீட்டு மாமா. “செலக்‌ஷன் ஆச்சா?” பக்கத்து வீட்டு அக்கா. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கேள்விக்குறி. பிளஸ் டூ முடிவு வரும் காலையில் இந்தத் தெருக்களில் அடிக்கும் போன் மணியைச் சேர்த்தால் பாரிஸிலும் அவ்வளவு நிருபர்கள் இருக்க மாட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒரே தோல்வியை இருபது முறை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளைக்கும் மைக்குக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். “அவன் சாப்பிட்டுத் தூங்கட்டும், பிறகு சொல்வான்” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அஸ்வின் தன் அப்பாவுக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைக்குச் செய்யக் கூடாதா?

ஒரு நாள் துக்கம் வேறு, நாட்கணக்கில் நீடிப்பது வேறு. தூக்கம் போய், சாப்பாடு போய், பிடித்த ஆட்டத்தைக் கண்டாலே எரிச்சல் வந்து, இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை ஒதுங்கியே இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். “ஸப்ர் செய், ஈமான் இருந்தால் மனக்கவலை வராது” என்று வாயை அடைக்காதீர்கள். மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாறு பெயரிட்டு வைத்திருக்கிறது. ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் வழக்கம், அது இருக்கட்டும். கூடவே மாத்திரை வேண்டுமென்றால் மாத்திரையும் இருக்கட்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாம் மறந்துவிட முடியாது.

கீழ்ப்பாக்கம் என்றதும் சினிமாவில் கேலி செய்து நம்மைப் பழக்கிவிட்டார்கள். அங்கே இருப்பது 1794-இலிருந்து வேரோடிய அரசு மனநல மருத்துவமனை, புறநோயாளிப் பிரிவும் உண்டு. அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ‘டெலி மனஸ்’ என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடும் எண்ணம் இருப்பதாக யாராவது வாய் தவறிச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் கூட உட்காருங்கள், ஷமியின் வீட்டார் உட்கார்ந்த மாதிரி. உட்கார்ந்தபடியே அந்த எண்ணை அழையுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. அடுத்த மாதப் பரிசளிப்பு விழாவில் பரிசு வாங்கும் பிள்ளைகள் மேடையில் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுங்கள், மைக் காத்திருக்கும். படம் எடுத்து இந்த மடலில் போடுவதற்குப் பெற்றோரும் பிள்ளையும் இருவருமே சம்மதிக்க வேண்டும், அதற்கான தாள் வாசலில் இருக்கிறது. உதவி பெறும் குடும்பங்களின் பெயர் எப்போதும் போல வெளியிடப்படாது. ஷூ அளவு சரியில்லாதவர்கள் இன்று அஸர் தொழுகைக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள், கடைக்காரர் அதுவரை இங்கேதான் இருப்பார்.